ஒருத்தி உலைக்கு ஒருத்தி காவல்

ஜப்பான் காலத்தில் தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம், இருந்ததைப் பங்குபோட்டுத் தின்றோம் என்று கோயில் திருவிழா மேடைகளில் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்தது. கண்ணும் காதும் நன்றாகவே வேலை செய்தன. நான் பார்த்த ஒற்றுமையைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அடுப்பில் புகை கிளம்பினால் என்ன வேகிறது, அது எங்கிருந்து வந்தது என்று மோப்பம் பிடிப்போம். உப்பு வைத்திருப்பவள் இல்லை என்று சாதிப்பாள். இல்லாதவள் நிறைய இருப்பதுபோல நடிப்பாள். ஒருத்தி கோயிலுக்குக் கும்பிடப் போனால்கூட, யாரைச் சபிக்கப் போகிறாளோ என்று பார்த்துக்கொண்டு நிற்போம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் எங்கள் லயத்தில், அந்த வரிசைக் கூலி வீடுகளில், இன்னும் சில குழந்தைகள் செத்திருக்கும். எப்படி என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னையும் நம்பவேண்டாம், அது உங்கள் இஷ்டம்.

எங்கள் தோட்டம் மலாய் நாட்டில், கூலிம் பக்கம். கரங்கானிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போகவேண்டும். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு, சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டிரசரும் போய்விட்டார். கட்டடத்துக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டார்கள். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. கொஞ்சம் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் மரவள்ளி போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆண்களில் பாதிப் பேரைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் புருஷனும் அதில் போனார். நான் மெர்போக் பக்கத்துப் பெண். அவரைவிட்டால் அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு நாதியும் கிடையாது. லயத்தில் இருந்த ஒற்றை அறை வீடும், அதற்கென்று கொடுத்திருந்த மரவள்ளிப் பாத்தியும்தான் எனக்கு மிச்சம்.

அந்தப் பாத்தியால்தான் எனக்கு ஆபத்து வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, பாதி மாட்டு வண்டியிலும் பாதி நடந்தும் மெர்போக் வரைக்கும் போய்வந்தேன். திரும்பும்போது அங்கே ஒரு மலாய்க் கம்பத்து (கம்பம் என்றால் கிராமம்) வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த மரவள்ளிக் குச்சிகளைக் கேட்டு வாங்கி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு வந்தேன். எங்கள் தோட்டத்தில் இருந்தது வெள்ளைத் தண்டு. நான் கொண்டுவந்தது சிவப்புத் தண்டு. அது சீக்கிரமே கிழங்கு வைத்தது, ஒவ்வொரு கிழங்கும் தொடை மொத்தம் இருந்தது. காட்டுப்பன்றி வெள்ளைத் தண்டைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும், சிவப்புத் தண்டுப் பக்கம் மூக்கைக்கூட நீட்டாது. அதைப் பார்த்து எல்லாருக்கும் ஆசை வந்தது. கேட்டவர்களுக்கு ஒடித்துக் கொடுத்தேன். சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு கை மிளகாய், ஒரு துண்டு கருவாடு என்று வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் லயத்தில் பெரும்பாலான பாத்திகள் சிவப்பாகிவிட்டன. அதைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்த பிறகு சில வீடுகளில் தலைசுற்றல் என்றார்கள். வாந்தி என்றார்கள். பசி மயக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். அப்போது யாருக்குத்தான் மயக்கம் இல்லை?

எதிர் வீட்டு அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் பெண், சின்னவன் அப்போதுதான் பேச்சு திருந்திக்கொண்டிருந்த பையன். அவள் புருஷனும் சயாமுக்குத்தான் போயிருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அந்தப் பையன் வாந்தி எடுத்தான். கால் தடுமாறியது. பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பூட்டிய ஆஸ்பத்திரிக் கதவைப் போய்த் தட்டினோம், திறக்க யார் இருக்கிறார்கள்? பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான். அவனை நானும்தான் தூக்கி வைத்திருந்தேன். என் கையில் இருக்கும்போது இழுப்பு வந்தது.

மறுநாள் காலையில் பெரட்டுக்கு நின்றோம். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவது. அக்கா வரிசையிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இவ கொண்டாந்த குச்சிதான் என் புள்ளயக் கொன்னுச்சு. எங்கேயோ மெர்போக்லேர்ந்து வெஷத்தச் செமந்துக்கிட்டு வந்து நம்ம நெலத்துல நட்டுட்டா."

எனக்கு ரத்தம் கொதித்தது. "நானும் அதே கெழங்கத்தான் திங்கிறேன். நான் சாகலியே?" என்று கத்தினேன்.

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். சட்டென்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூலை வீட்டுப் பெரியம்மா, மருமகளை உருட்டி மிரட்டி வைத்திருப்பவள், மெதுவாகச் சொன்னாள்: "அதானே. இவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல? மாத்து தெரிஞ்சு வச்சிருக்கா போல."

முந்தி எங்களோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன், ஜப்பான்காரன் வந்த பிறகு கையில் பட்டை கட்டிக்கொண்டு கங்காணி ஆகியிருந்தான். அவன் என் பக்கத்தில் வந்து, "கொஞ்ச நாள் பார்ப்பேன். அந்தக் கெழங்குதான்னு ஆச்சுன்னா வீட்டக் காலி பண்ணிரு. அலோர் ஸ்டார்லேர்ந்து ஆள் கேட்டு உத்தரவு வந்திருக்கு. பொம்பளையா இருந்தாலும் பரவால்லையாம்," என்றான்.

அவன் ஏன் உடனே என்னைத் துரத்தவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் பாத்தியிலும் சிவப்புத் தண்டுதான். சிவப்புதான் விஷம் என்று முடிவானால் லயமே தன் சாப்பாட்டில் பாதிக்குமேல் பிடுங்கி எறியவேண்டும். எறிந்துவிட்டு எதைத் தின்பது? அதனால் எல்லாருக்கும் நிச்சயம் தெரியவேண்டியிருந்தது. எனக்கோ, தெரியாமல் போனால் வீடு இல்லை. சயாம் லாரிதான்.

எனக்கும் அவர்கள்மேல் சந்தேகம் இல்லாமல் இல்லை. அக்கா காட்டுக்கீரை பறித்துக்கொண்டு வருவதை நான் பார்த்திருந்தேன். அதில் ஏதாவது கலந்திருக்கும், மறைக்கிறாள் என்று நினைத்தேன். மூலை வீட்டுப் பெரியம்மா வாயைத் திறந்தாலே பொய்தான் வரும். எதிரே பிள்ளையைப் பறிகொடுத்தவள் உட்கார்ந்து அழுகிறாள், நான் இங்கே உட்கார்ந்துகொண்டு அவள் மேலேயே குற்றம் தேடிக்கொண்டிருந்தேன். பயந்தவளுக்கு இரக்கம் இரண்டாம்பட்சம்தான்.

கோபத்தில்தான் அது ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது நான் சொன்னேன்: "மாத்து தெரியும்ங்கிறீங்கள்ல? வாங்க, என் வீட்டுல வந்து ஒக்காருங்க. பிடுங்குறதுலேர்ந்து திங்கிறது வரைக்கும் பாருங்க. என்னத்தப் போடுறேன், என்னத்த எடுக்குறேன்னு நீங்களே பாருங்க."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அக்கா நிஜமாகவே வந்துவிட்டாள். நான் கிழங்கு பிடுங்கும்போது பக்கத்தில் நின்றாள். தோல் சீவும்போது தோலை எடுத்து முகர்ந்தாள். என்னிடம் நல்ல பாத்திரம் இல்லை, ரப்பர் பால் சேகரிக்கிற பழைய வாளியில்தான் வேகவைப்பேன். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள், அடியைத் தடவினாள். வெந்ததும் நான் வாளியைச் சாய்த்துக் கிழங்கை எடுத்தேன். முதல் துண்டை நான் தின்றேன். நான் விழுங்கினேனா என்று பார்க்க வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்து காட்டினேன். அழவேண்டும்போல இருந்தது, ஆனால் இவளுக்கு முன்னால் அழுதால் அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆச்சா? இப்ப ஒங்க வீட்டுக்கு நான் வர்றேன்," என்றேன்.

முகம் சுருங்கினாலும் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏதோ மறைக்கிறாள் என்று ஆகிவிடும். அப்படியே அது லயம் முழுக்கப் பரவிவிட்டது. இன்றைக்கு உன் வீடு, நாளைக்கு என் வீடு. வேண்டாதவள் வந்துதான் உட்கார்ந்து பார்க்கவேண்டும், அக்கா தங்கை உறவு உள்ளவள் பார்த்தால் கணக்கில் சேராது. ஆக்கியவள் முதலில் தின்னவேண்டும். அப்புறம் இன்னொரு வழக்கமும் வந்தது. யாராவது ஏதாவது சொன்னால், "நீ பார்த்தியா, கேட்டதா?" என்று கேட்போம். கேட்டது என்றால் வாயை மூடு என்போம். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சட்டமாகப் போடவில்லை. ஒருத்திமேல் ஒருத்திக்கு நம்பிக்கை இல்லாததால் தானாக வந்த வழக்கங்கள்.

பார்த்ததை எங்காவது உட்கார்ந்து சொல்லவேண்டுமே. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்தால் கங்காணிக்கு மூக்கு வியர்க்கும். "என்னா இது, மீட்டிங்கா? மேலிடத்துக்குத் தெரிஞ்சா சூசாலா," என்று வந்து நின்றான். சூசா என்றால் தொல்லை; மலாய்ச் சொல்லில் சொன்னால் மிரட்டல் இன்னும் உறைக்கும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. "பேன் பார்க்குறோம் கங்காணி. ஒங்க தலையிலயும் பார்க்கணுமா?" என்றாள் ஒருத்தி. பேன் எங்கள் தலைகளில் நிஜமாகவே நிறைய இருந்ததால் பொய் என்று அவனால் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து சாயங்காலம் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து, பேனை எடுத்துக்கொண்டே அன்றைக்கு யார் வீட்டில் என்ன பார்த்தோம் என்று பேசுவோம். அவன் தூரத்தில் நின்று முறைத்துக்கொண்டிருப்பான். எங்களில் யாரோ ஒருத்தி அவனிடம் போய் எல்லாம் சொல்கிறாள் என்ற சந்தேகமும் எங்களுக்கு இருந்தது. யாரென்று கடைசிவரை தெரியவில்லை. நான் ஒருத்தியை நினைத்தேன், அவள் என்னை நினைத்திருப்பாள்.

எத்தனை யோசனைகள் வந்தன தெரியுமா? பிடுங்கி வைத்த கிழங்கில் நீலக்கோடு ஓடினால் விஷம் என்றாள் ஒருத்தி. நீலக்கோடு ஓடியதைத் தின்று ஒன்றும் ஆகாதவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கருவாட்டோடு சேர்த்துத் தின்றால் ஆகாது என்றாள் மூலை வீட்டுப் பெரியம்மா. கருவாட்டையே கண்ணில் பார்க்காத வீட்டில் வாந்தி எடுத்திருந்தார்கள். ரேஷன் உப்பில் ஜப்பான்காரன் ஏதோ கலக்கிறான் என்ற பேச்சுக்கு ரொம்ப மவுசு இருந்தது. ஆனால் உப்பு தீர்ந்துபோன வீட்டிலும் தலை சுற்றியது. செய்வினை என்றும் சொன்னார்கள். அப்படியானால் யார் வைத்தது என்று கேட்டபோது ஆளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள், அது சண்டையில் முடிந்தது. சிவப்புத் தண்டு என்ற பேச்சும் சரியாக நிற்கவில்லை. வெள்ளை மட்டும் தின்ற வீடுகளிலும் லேசான மயக்கம் இருந்தது. சிவப்பையே தின்று நன்றாக இருந்த வீடுகள் இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்று மூலை வீடு.

அந்த இரண்டு வீட்டுக்கும் என்ன பொருத்தம் என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் தோலைத் தடிமனாகச் சீவுவேன், மூலை வீட்டு மருமகள் மெல்லிசாகச் சீவுவாள். நான் ஒண்டிக்கட்டை, அந்த வீட்டு மகனை அப்போதுதான் லாரியில் ஏற்றியிருந்தார்கள், மிச்சம் மாமியாரும் மருமகளும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ சதி செய்கிறோம் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. அந்தப் பெரியம்மாவோடு நான் சதி செய்வதா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஒரு சாயங்காலம் பெரியம்மா சொன்னாள்: "நாங்க எல்லாரும் செய்யிற மாதிரிதான் செய்யிறோம். வேக வச்சு, வடிச்சு, கெழங்கத் தின்னுட்டு, அந்தத் தண்ணியில ஒரு கல்லு உப்பப் போட்டுக் குடிச்சிருவோம். வேறென்ன?"

எல்லாரும் தலையாட்டினார்கள். இதில் என்ன இருக்கிறது? எங்களுக்கு அது கஞ்சி. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டுகிறவள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நோயாளிக்கும் கஞ்சி, பால் மறந்த பிள்ளைக்கும் கஞ்சி. அரிசி போய் மரவள்ளி வந்தபோது பழக்கம் மாறவில்லை. அந்தத் தண்ணீரும் கொஞ்சம் கெட்டியாக, வெள்ளையாக, கஞ்சிபோலத்தான் இருக்கும். அதனால் அதை யாரும் ஒரு விஷயமாகவே சொல்லியிருக்கவில்லை.

அப்போது மூலை வீட்டு மருமகளின் தலை என் மடியில் இருந்தது. மாமியார் அப்படிச் சொன்னதும் அந்தப் பெண்ணின் கழுத்து விறைத்தது. என் விரலுக்குத் தெரிந்தது. சந்தேகப்படுவதுதான் என் பிறவிக்குணமாயிற்றே. இவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமியார் புல் வெட்டப் போன நேரத்தில் மூலை வீட்டுப் பின்பக்கம் போய் வாழை மறைவில் நின்றேன். மருமகள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். வடித்த தண்ணீர் முழுவதையும் வாழை அடியில் ஊற்றினாள். நான் வெளியே வந்ததும் பானையைக் கீழே போடப் பார்த்தாள்.

"அக்கா, மாமியார்கிட்டச் சொல்லிடாதீங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். "அந்த வாடையே எனக்கு ஒத்துக்கல. வயித்தப் பெரட்டுது. அதான் கொட்டிட்டு, வேற தண்ணியில கெழங்கக் கரைச்சுக் காய்ச்சி, அதுதான் கஞ்சின்னு அவங்களுக்குக் குடுத்துடுறேன். பஞ்சத்துல கஞ்சியக் கொட்டினேன்னு தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாங்க."

"நீ சொல்லலேன்னா என்னச் சயாமுக்கு அனுப்பிடுவாங்க," என்றேன். அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

அன்று சாயங்காலம் அவள் சொன்னாள். குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். பெரியம்மா எழுந்து நின்று, "கஞ்சியக் கொட்டினியா? ஊரே பட்டினி கெடக்கு, நீ கஞ்சிய மண்ணுல கொட்டினியாடி?" என்று கையை ஓங்கினாள்.

ஓங்கிய கையை எட்டிப் பிடித்தது எதிர் வீட்டு அக்கா. "இரு பெரியம்மா," என்றாள். பிறகு மருமகளிடம், "ஒரு நாள்கூட விடாமக் கொட்டுனியா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ?"

"எனக்குப் பானை ஏது? பால் வாளியில வெந்த தண்ணி ரப்பர் வாடை அடிக்கும், குடிக்க முடியாது. கொட்டிடுவேன். நீங்கதான் ஒக்காந்து பார்த்தீங்களே."

"பார்த்தேன்," என்றாள். "நீ கால்வாயில சாய்ச்சத என் கண்ணால பார்த்தேன்."

அவள் பார்த்திருந்தாள். நான் தினமும் செய்துகொண்டிருந்தேன். என் வாயைத் திறந்து பார்க்கும் அளவுக்குச் சந்தேகப்பட்டவளுக்கு அது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. எனக்கும்தான் படவில்லை. ஆளாளுக்கு ஒரு துண்டை வைத்துக்கொண்டு அது என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க விரும்பவில்லை. வீடு பிழைத்தது என்று நெஞ்சு துள்ளியது. பிறகு சுற்றிப் பார்த்தேன். பேன் பார்த்துக்கொண்டிருந்த விரல்களெல்லாம் நின்றுபோயிருந்தன. யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிச் சண்டை போட்ட பெண்களில், அந்த ஒன்றை மட்டும் வாயால் சொல்ல யாரும் தயாராக இல்லை. அக்கா பையனுக்கு என்ன கொடுத்தாள் என்று அன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. கிழங்கு, கஞ்சி, எல்லார் வீட்டிலும் உள்ளதுதானே என்று விட்டிருந்தோம்.

அக்காதான் பேசினாள். "பார்க்காமச் சொல்லக்கூடாது. கோழிக்கு வச்சுப் பார்ப்போம். எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

லயத்தில் மிஞ்சியிருந்த கோழிகள் மிகக் குறைவு. மறுநாள் அவளுடைய கோழியைக் கொண்டுவந்து வாசலில் கட்டினாள். சிவப்புத் தண்டுக் கிழங்கை எல்லாரும் பார்க்க அவளே வேகவைத்தாள். முதலில் வெந்த கிழங்கைப் போட்டோம். தின்றுவிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. வெயில் ஏறிய பிறகு, வடித்த தண்ணீரில் கொஞ்சம் தவிட்டைக் கலந்து வைத்தாள். சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கோழி பிழைத்துவிடவேண்டும் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொள்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அது சாகவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோழி கொஞ்ச நேரத்தில் தள்ளாடியது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தது. உடம்பு உதறியது. பிறகு அசையவில்லை.

"சீக்குக் கோழியா இருந்திருக்கும்," என்றாள் பெரியம்மா. பாவம் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள் என்று இப்போது நினைக்கிறேன். மருமகளுக்குக்கூட இரங்காதவள், அன்றைக்கு அக்காவுக்கு ஒரு வழி விட்டுக்கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அக்கா தப்பித்திருக்கலாம். நாங்கள் யாரும் மறுத்திருக்க மாட்டோம். எனக்கு மட்டும் திக்கென்றது. அப்படி முடிந்துவிட்டால் பழி மறுபடியும் என் தலையில்தான்.

அக்கா தப்பித்துக்கொள்ளவில்லை. "அப்ப ஒங்க கோழியக் கொண்டாங்க," என்றாள்.

பெரியம்மா போய்க் கொண்டுவந்தாள். அதுவும் அப்படியே போயிற்று. இந்தத் தடவை சீக்கு என்று யாரும் சொல்லவில்லை.

மரவள்ளி வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கசப்புக் கிழங்கானால் நறுக்கி ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டவேண்டும் என்பதெல்லாம் இப்போது எல்லாருக்கும் தெரிகிறது. நம் முன்னோர்கள் எத்தனை அறிவாளிகள், எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று என் பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்கள் எனக்கே சொல்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கஞ்சியைக் கொட்டக்கூடாது என்பது ஒன்றுதான். அந்த மலாய்க் கம்பத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். குச்சியைக் கேட்ட எனக்கு ஆக்கும் விதத்தைக் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் எதையும் சமைக்கத் தெரிந்தவர்கள் என்ற நினைப்பு.

செத்த கோழிகளைக் குழியில் போட்டு மூடிய பிறகு அக்கா வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வடிச்ச தண்ணியக் கொட்டிருங்க. புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க," என்று சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கோழியைச் சொன்னாள். வழியில் கங்காணி மறித்து என்னவென்று கேட்டதற்கு, "ஒன் வீட்டுலயும் கொட்டச் சொல்லு," என்றாள். அவன் கையில் கட்டியிருந்த பட்டையைத் தடவிக்கொண்டு வழிவிட்டான்.

எங்கள் லயத்தில் கடைசியாக என் வாசலுக்கு வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"ஒன் குச்சியில பழி இல்ல," என்றாள். "கங்காணிகிட்டயும் சொல்லிட்டேன். ஒன்ன யாரும் வீட்ட விட்டுப் போகச் சொல்லமாட்டாங்க."

இதைக் கேட்கத்தான் நான் அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் வாயாலேயே கேட்கவேண்டும், எல்லார் முன்னாலும் கேட்கவேண்டும், கேட்டதும் நறுக்கென்று நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் "உள்ள வாங்கக்கா," என்று மட்டும் சொன்னேன்.

அவள் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்குக் கெழங்கு கொஞ்சம்தான் இருந்துச்சு," என்றாள். "பெரியவ, எனக்குக் கஞ்சி வேணாம், தம்பிக்குக் குடுன்னுட்டா. அதனால கஞ்சிய நாங்க ரெண்டு பேரும் தொடவே இல்ல. மூணு பேரு கஞ்சியையும் அவனுக்கே ஊத்துனேன். வயிறு ரொம்பட்டும்னு."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பெரியவளுக்கு இது தெரிய வேணாம்," என்றாள். "கீழ் லயத்துக்கு இன்னும் சொல்லல. ஒல வைக்கிறதுக்கு முந்திப் போகணும்."

சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.